மல்லிகை ஆடிட்

என் மனைவியின் மூக்கு வேலை செய்யவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, பால் கருகிய ஒரு காலையில். வீடு முழுக்கப் புகை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த குடித்தனக்காரப் பெண்கூட எட்டிப் பார்த்து இருமினாள். நான் பேப்பரைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினால், அடுப்புக்கு இரண்டடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, என் மனைவி நிதானமாக அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பால் கருகிப் போச்சு.”

“அப்படீங்களா?” என்று திரும்பிப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

அந்தக் கொள்ளைக் காய்ச்சல் ஊரையே படுக்கப் போட்ட வருடம் அது. எங்கள் இருவருக்கும் வந்தது, போனது. எனக்கு வந்தது இருமலை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அவளுக்கு வந்தது மூக்கையே எடுத்துக்கொண்டு போயிருந்தது.

அது சாதாரண மூக்கு இல்லை. நான் ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்தால், அன்று சாயப் பிரிவுப் பக்கம் போனேனா கேன்டீன் பக்கம் போனேனா என்று கேட் திறக்கும்போதே சொல்லிவிடுவாள். எனக்குச் சர்க்கரை வந்த பிறகு பேக்கரியில் ஒளிந்து நின்று தின்ற போண்டா ஒவ்வொன்றையும் அந்த மூக்கு பிடித்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அதற்குப் பயந்தே வாழ்ந்தவன் நான். அதனால் உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு நாள் எனக்கு விடுதலை கிடைத்த மாதிரிதான் இருந்தது.

மூன்றாம் நாள் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“சோறு தின்கற மாதிரியே இல்லீங்க. பஞ்சைத் தின்கற மாதிரி இருக்குது. ரசம்னா சுடுதண்ணி, தயிர்னா பச்சத்தண்ணி. எதுக்குத் தின்கறதுன்னே தெரீலீங்க.”

அவள் இளைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எனக்குப் போண்டா இறங்கவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் சின்னப் பையன். மருந்து ஒன்றும் பெரிதாக இல்லை, நரம்பு தானாகத் தளிர்க்க வேண்டும், அதற்குப் பயிற்சி கொடுக்கலாம் என்றார். நாலு வாசனை, காலையும் மாலையும் மோந்து பார்த்து, இது இன்ன வாசனை என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள எதுவும் ஆகும், கிராம்பு, காப்பித்தூள், எலுமிச்சை. நாலாவதாக அவர்களுக்கு ரொம்பப் பிடித்த வாசனை ஒன்று.

“உங்களுக்கு எதும்மா பிடிக்கும்?”

“குண்டுமல்லிங்க,” என்றாள், யோசிக்காமல்.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூக்கடையில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

“கடைப்பூவு ஐஸ் பெட்டியில மூணு ஊரு சுத்தி வருது. அதுல வாசம் இல்லியா, இல்ல என்ற மூக்குல இல்லியான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

நியாயமான கேள்வி. சோதனைக்கு வைக்கும் சரக்கு முதலில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் தொழிலின் முதல் விதி. அந்த விதியை அவள் வாயால் கேட்டபோது, செடி வைப்பது என்று முடிவாகிவிட்டது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கம்ப்ளையன்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், ஆலை ஒழுங்காக நடக்கிறதா, தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆடிட்டரை அனுப்புவான். அந்த ஆடிட்டர் சிரித்த முகத்தோடு திரும்பிப் போக வேண்டும், அதுதான் என் வேலை. தீயணைப்பானில் தேதி சரியாக இருக்க வேண்டும், முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி இருக்க வேண்டும், கழிப்பறையில் அன்று ஒரு நாளாவது சோப்பு இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், முந்தின நாள் சாயங்காலம் தொழிலாளிகளைக் கூட்டி வைத்துப் பதில் சொல்லிக்கொடுப்பது. ஓவர்டைம் எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் திட்டுவாரா என்று கேட்டால் எப்படிச் சிரிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி ஒரு வேலை. ஊரில் எல்லாரும் அடித்தார்கள், நான் கொஞ்சம் நன்றாக அடித்தேன்.

ஆக, ஒரு மல்லிகைச் செடியை முறைப்படி வளர்க்க இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று நினைத்தேன்.

எங்கள் வீடு மண்ணரை என்கிற பேட்டையில். பின்னால் சமையலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். அக்கம்பக்கத்தில் இந்த அளவு இடம் கிடைத்தால் தகரக் கொட்டகை போட்டு நாலு தையல் மெஷின் இறக்கிவிடுவார்கள். நான் குழி தோண்டினேன். ஒரு முழம் போனதும் கடப்பாரையில் ஏதோ சிக்கியது. இழுத்தால் வந்தது வேர் இல்லை, எலாஸ்டிக். இன்னும் இழுத்தால் சிவப்புப் பனியன் துணி, அப்புறம் நீலம், அப்புறம் கழுத்துப்பட்டி வெட்டிய மிச்சம். இந்தப் பேட்டை முழுக்கவே கட்டிங் வேஸ்டைக் கொட்டி மேடாக்கிய இடம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கடைசியாக ஒரு கொத்து லேபிள் வந்தது, எல்லாம் எக்ஸ்எல். மக்கவே இல்லை. எங்கள் ஊர்ச் சரக்கின் தரத்தை அன்றுபோல் நான் என்றும் உணர்ந்ததில்லை.

மண்ணை மாற்ற வேண்டும். காங்கேயத்தில் தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் செம்மண்ணும் சாணியும் கேட்டேன். கொடுத்தார், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. அந்தச் சாணியைப் போட்ட மாட்டின் தாய், அதன் தாய், அது எந்தச் சந்தையில் பரிசு வாங்கியது என்று வம்சாவளியையே சொல்லித்தான் வண்டியில் ஏற்றினார். என் கல்யாணத்தில்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

ஆடி மாதம் மூன்று செடி வைத்தேன். வெயில் படுகிற பக்கமாக, சுவரிலிருந்து தள்ளி, ஒன்றுக்கொன்று காற்றுப் போக இடம் விட்டு. போர் தண்ணீர் உப்பு, மல்லிகைக்கு ஆகாது. குழாயில் எப்போதாவது வரும் ஆற்றுத் தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்துச் செடிக்கு ஒதுக்கினேன்.

“எனக்கு உப்புத் தண்ணி, செடிக்கு ஆத்துத் தண்ணியா?” என்றாள் என் மனைவி.

“செடி உனக்காகத்தான்.”

“அப்ப அதையே கட்டிக்கிட்டிருந்திருக்கலாமுங்க.”

தினமும் தண்ணீர், வாராவாரம் உரம், மாதம் ஒரு முறை மருந்து. ஒன்றும் தவறவில்லை. கார்த்திகைக்குள் மூன்றும் இடுப்புயரம் வளர்ந்து, கரும்பச்சையாக, எண்ணெய் தடவின மாதிரி நின்றன. இலைக்குப் பஞ்சமில்லை. மொட்டு என்று பார்த்தால் ஒன்று இல்லை.

மாடிக் குடித்தனக்காரப் பெண் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கணவனும் மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை. இவள் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் துணியை விளக்கடியில் புரட்டிப் பார்த்து, நூல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பிழை பிடிக்கிற வேலை. கண்ணும் வாயும் அதற்கென்றே படைத்தவை.

“சார், கீரை நல்லா வந்திருக்கே. இத பொரியல் வைப்பாகளா, கடைவாகளா?”

செடி வைக்கும்போது வாங்கிய வேளாண் பல்கலைக்கழகத்துக் கையேட்டைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன். முதல் தடவை படித்தபோது, நீர் விடுவது உரம் போடுவது என்கிற பக்கங்களை மட்டும் படித்திருக்கிறேன். செடியைக் காயப்போட வேண்டும் என்கிற பக்கத்தைப் படிக்கவில்லை. மல்லிகை சுகமாக இருந்தால் பூக்காது. நன்றாகத் தின்று, நன்றாகக் குடித்து, இலை இலையாக விட்டுக்கொண்டு சும்மா இருக்கும். தண்ணீரை நிறுத்தி, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையெல்லாம் உருவி, இனிப் பிழைப்போமா என்று பயம் காட்டினால்தான் பூ வைக்கும். ஆலை நிர்வாகத்தில் எனக்குத் தெரிந்த சில முதலாளிகள் இதைக் கையேடு இல்லாமலே கடைப்பிடித்தார்கள்.

மார்கழியில் தண்ணீரை நிறுத்தினேன். அப்புறம் ஒரு நாள் கத்தரியை எடுத்து மூன்றையும் மொட்டையடித்தேன். என் மனைவி கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தாள். விறகுக் குச்சி மாதிரி நாலு நாலு கிளை நின்றது. கீழே குப்பையாக இலை.

“என்னுங்க இது?”

“கவாத்து. முறைப்படிதான்.”

“எழவு ஊட்டுல மொட்டை அடிச்ச மாதிரி இருக்குது.” கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்தாள். “வாசம் வரலீன்னாலும் பச்சையாவாவது கண்ணுக்கு இருந்துச்சு. அதையும் வாங்கிட்டீங்க.”

அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. மறுநாளும் இல்லை. நான் கையேட்டின் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன். கையேடு எழுதியவர் எங்கள் வீட்டில் வந்து பதில் சொல்லப் போவதில்லை.

ஆனால் கையேடு சரி. மாசியில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் செம்பு நிறத்தில் தளிர் வெடித்தது. மறுபடி தண்ணீர் காட்டினேன். பங்குனி பிறந்ததும் தளிர் நுனியில் அரிசி நொய் மாதிரி ஒன்று, பக்கத்திலே இன்னொன்று. அது பருத்து, வெளுத்து, ஒரு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல வாய் திறந்தது. அந்த வாசனை எப்படி வந்தது என்று எழுதத் தெரியவில்லை. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த செக்கிங்காரி அப்படியே நின்றாள்.

“யம்மா, என்ன மணம் மணக்குது.”

“உனக்கும் கட்டித் தரட்டுமா கண்ணு?” என்றாள் என் மனைவி.

“எங்க பெந்தெகொஸ்தே சபையில பூ வைக்கக் கூடாதும்மா. மோந்து பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல.” படியிலேயே உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அழகா இருக்குது,” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து பயிற்சியை முறைப்படுத்தினேன். அதுவரை அவள் கிராம்பையும் காப்பித்தூளையும் தானாக மோந்து கொண்டிருந்தாள், ஒழுங்கு கிடையாது. இப்போது நாலு எவர்சில்வர் டம்ளர். நாலுக்கும் மேலே வெள்ளைப் பனியன் துணி மூடி. இந்த ஊரில் துடைப்பதற்கும் மூடுவதற்கும் யாரும் வேறு துணி வாங்குவதில்லை. அவள் கண்ணை மூட வேண்டும். நான் ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடிப்பேன். கிராம்பு, காப்பி, எலுமிச்சை, மல்லி.

முதல் நாள், “ஒண்ணும் தெரீலீங்க,” என்றாள். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. ஒரு வாரம் போனதும் முன்னேற்றம் தெரிந்தது. கிராம்பைச் சரியாகச் சொன்னாள். அப்புறம் காப்பி. அப்புறம் நாலும்.

“மல்லி?”

“கும்முனு இருக்குதுங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். சாணி கொடுத்த காங்கேயத்துக்காரர், எல்லாம் அந்த மாட்டின் வம்சம் என்றார். ஒப்புக்கொண்டேன். தினமும் சாயங்காலம் ஒரு பந்து பூவை அவள் தலையில் வைத்துக்கொண்டு வளைய வந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு, என் செடியை, என் பூவை, என் முறையின் வெற்றியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறியபோது ஒரு நாள், பூ வாடிவிடுமே என்று காலையிலேயே மொட்டாகப் பறித்து ஃபிரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் அவசரத்தில் நேராக ஃபிரிட்ஜிலிருந்து டம்ளருக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். கிராம்பு, காப்பி, எலுமிச்சை எல்லாம் சரி. நாலாவதைப் பிடித்தேன். அவள் இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

“இன்னைக்குத்தானுங்க ரொம்ப நல்லா இருக்குது.”

அவள் எழுந்து போன பிறகு, அவ்வளவு நன்றாக இருப்பது என்ன என்று நானும் டம்ளருக்குள் மூக்கை விட்டேன். மொட்டெல்லாம் இறுக மூடி, சில்லென்று கிடந்தது. மல்லிகை வாசனை என்று மருந்துக்குக்கூட இல்லை. வந்தது நேற்றைய சாம்பார் வாசனை, அதுவும் லேசாக.

எனக்கு அந்த முகமலர்ச்சி நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடம் மெஷின் வரிசையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

மறுநாள் டம்ளர்களின் வரிசையை மாற்றினேன். முதலில் எலுமிச்சையைப் பிடித்தேன்.

“கிராம்புங்க.”

கிராம்பைப் பிடித்தேன்.

“காப்பி.”

மேற்கொண்டு பிடிக்கவில்லை. “சரி” என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எந்த ஆடிட்டரும் எப்போதும் ஒரே வரிசையில்தான் கேள்வி கேட்பான், அந்த வரிசை தெரிந்தால் போதும் என்று பாடம் நடத்தியவனுக்கு, அன்றைக்கு வரை தன் டம்ளரை மாற்றி வைக்கத் தோன்றவில்லை. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அதற்கும் கீழே ஒரு பயம் இருந்தது. ஒரு வருடம் ஆகப்போகிறது, இனி அது வரவே வராதோ.

மாடிப்படியில் செக்கிங்காரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த டம்ளர்களைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“பிடிச்சிட்டீயளா சார்?”

“உனக்குத் தெரியுமா?”

“நாந்தானே சொல்லிக்கொடுத்தேன்.” கொஞ்சமும் கூசவில்லை. “அம்மா ஒரு நா அழுதுட்டு இருந்தாக. சார் மூஞ்சி ரொம்ப வாடிப்போவுதுன்னு. நாஞ் சொன்னேன், எங்க கம்பெனியில ஆடிட்டு வந்தா செய்வோம்லாம்மா, அதேதான். வரிசைய மனசுல வச்சுக்கிடுங்க. சந்தேகம் வந்தா ஒரு கண்ண லேசா தொறந்து சார் மூஞ்சியப் பாருங்க, பதிலு அங்கன எழுதியிருக்கும்னு.”

“அவளுக்கு ஒண்ணுமே தெரியலையா, அப்ப?”

அவள் கீரையைக் கீழே வைத்தாள். “அத நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்க் கேளுங்க. ஆனா அந்த டம்ளர எடுத்துட்டுப் போவாதீங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

என் காலத்தில் என்னை உண்மையாகவே பயமுறுத்திய ஆடிட்டர் ஒருத்திதான், பெங்களூரிலிருந்து வருவாள். ஃபைல் பார்க்க மாட்டாள். மேனேஜர்களையெல்லாம் பாய்லர் அறையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, டீ நேரத்தில் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பன் தின்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். நாங்கள் திரும்பி வரும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

டம்ளர்களைப் படியிலேயே வைத்தேன். கீரையில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். என் மனைவி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை உருவ ஆரம்பித்தேன். எனக்குக் கீரை உருவத் தெரியாது. காம்போடு சேர்த்து வந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்ன, இன்னைக்கு ரெண்டு டம்ளரோட நிறுத்திட்டீங்க?”

“ஆடிட் முடிஞ்சுபோச்சு.”

“பாஸா, ஃபெயிலா?”

“ஆடிட்டர்தான் ஃபெயில்.”

சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு தலையிலிருந்த பூவை உருவி, கையை நீட்டித் தூரத்தில், மதில் மேல் வைத்தாள். வைத்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்தாள்.

“சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க.”

“சொல்லு.”

“அந்தப் பூவு எனக்கு நாறுதுங்க.”

எனக்குப் புரியவில்லை. வாசம் தெரியவில்லை என்று சொல்வாள் என்றுதான் காத்திருந்தேன்.

“பாலத்துக்கு அடியில சாயத்தண்ணி தேங்கி நிக்குமே, அந்தத் தண்ணிக்குப் பக்கத்துல ஒக்காந்து ரப்பரக் கொளுத்துனா எப்படி இருக்கும், அப்படி. பூத்த மொத நாளு ஒண்ணுமில்ல. அப்பறமேலுதான் ஆரம்பிச்சுது. எலுமிச்சையும் கிராம்பும் காப்பித்தூளும் ஒண்ணும் தெரியறதில்ல. சூடாக் கலந்த காப்பிக்கு இதே நாத்தந்தான், அதனாலதான் காப்பிய உட்டுட்டேன். நீங்க ஒடம்பு சூட்டுக்குன்னு நெனச்சுட்டீங்க.”

“அந்தப் பூவைத் தினமும் தலையில வெச்சுட்டு இருந்தியா?”

“நீங்க வாசல்ல ஒக்காந்து பாத்துட்டே இருந்தீங்கல்ல.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“வாசம் தெரீலீன்னு சொன்னேன், மண்ணை மாத்திச் செடி நட்டீங்க. நாறுதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்களோன்னு பயந்துட்டேனுங்க.”

கீரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன், “அப்போ நேத்து? ரொம்ப நல்லா இருக்குதுன்னு சொன்னியே.”

“அது நெசமுங்க. நேத்து ஒரு நாளுதான் நாறவே இல்ல. என்னமோ சரியாயிருச்சுன்னு நெனச்சேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு. இன்னைக்குப் பூவைக் கட்டித் தலையில வெச்சா மறுக்காவும் அதே நாத்தம்.”

ஆக, அத்தனை சாயங்காலமும் அவள் சொன்ன பொய்களையெல்லாம் வெற்றி என்று நம்பினேன். அவள் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையைப் பிடித்து, பொய் என்று தீர்ப்பெழுதினேன். இவ்வளவு சுத்தமாகத் தலைகீழாக ஓர் ஆடிட் நடந்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் பையன் இதைக் கேட்டதும் மேஜையைத் தட்டினார். “நாறுதா? ரொம்ப நல்லதுங்க.” என் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கொஞ்சம் அடங்கி, விளக்கினார். செத்துப்போன மூக்குக்கு நாறத் தெரியாது. நரம்பு திரும்ப முளைக்கிறது, ஆனால் ஒயரை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறது. பலருக்கு நாள் போகப் போகச் சரியாகும், சிலருக்கு முழுசாக ஆகாமலும் போகலாம். எப்போது என்று கேட்டேன். தெரியாது என்றார். எந்த நடைமுறைப்படி என்று கேட்கவந்ததை விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தேன். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“செடி என்ன பண்ணுச்சு உங்களை?”

“உனக்கு நாறுதுல்ல.”

“எனக்கு நீங்ககூடத்தான் நாறறீங்க, வெங்காயம் தின்ன அன்னைக்கெல்லாம். தோண்டிப் போட்டனா? போங்க அக்கட்டால.”

இப்போது காலையில் எழுந்ததும் என் முதல் வேலை, மொட்டு வாய் திறப்பதற்குள் எல்லாவற்றையும் பறித்துவிடுவது. மணக்க வேண்டும் என்று மண்ணை மாற்றி, ஆற்றுத் தண்ணீர் விட்டு, மொட்டையடித்து வளர்த்த செடியை, வீட்டில் மணந்துவிடாமல் காவல் காக்கிறேன். பறித்ததைச் செக்கிங்காரி ஒரு பாலிதீன் பையில் போட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் வைக்க மாட்டாள், ஆனால் டீ நேரத்தில் கட்டி அவள் வரிசையிலுள்ள பெண்கள் எல்லாருக்கும் வைத்துவிடுகிறாள். ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணுக்கு ஊசி இல்லாமல் கட்டச் சொல்லிக்கொடுத்தாளாம். “எங்க சூப்பர்வைசரே அந்தப் பக்கம் ரெண்டு தடவ கூட நடக்காரு சார்” என்று ஒரு நாள் சேதி கொண்டுவந்தாள்.

ஓரத்துச் செடியில் ஒரு கிளையை மட்டும் நான் தொடுவதில்லை. அது என் மனைவியின் உத்தரவு.

“அதை உட்டுருங்க. நானே பாத்துக்கறேன். நீங்க கூட வரக் கூடாது, சன்னல்லயும் நிக்கக் கூடாது. வந்து எப்படி இருந்துச்சுன்னு கேக்கவும் கூடாது.”

எல்லா நாளும் போக மாட்டாள். தோன்றினால் சாயங்காலம் பின்கதவைத் திறந்துகொண்டு போவாள். நான் முன்னறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவுச் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் காறித் துப்பும் சத்தம் கேட்கும். ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். பணியில் இருந்தபோது நான் கற்ற எந்த நடைமுறையும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

சித்திரை முடிந்து வைகாசியும் பாதி போயிற்று. போன வாரம் ஒரு சாயங்காலம் கதவுச் சத்தம் கேட்டது. துப்பும் சத்தம் கேட்கவில்லை. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைப் பேப்பரிலும் காதைப் பின்கதவிலும் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே வந்தாள். அடுப்படிக்குப் போகாமல் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ரப்பர் போயிருச்சுங்க,” என்றாள். “சாயத்தண்ணி மட்டுந்தான் இருக்குது. அதுக்கு அடியில வேற என்னமோ ஒண்ணு இருக்குது. என்னன்னு தெரீல.”

“சரி,” என்றேன்.

“என்னன்னு கேக்கோணும்னு இருக்குதுங்களா?”

“இல்லையே.”

“பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது. “நாளைக்கும் அந்தக் கிளையைப் பறிச்சுப்போடாதீங்க. இன்னொருக்காப் போயிப் பாக்கோணும்.”